ஸ்கெட்ச் என்றால் புனையா ஓவியம்

'ஸ்கெட்ச் போடுறாங்க' என்றாலே இப்போது பலருக்கு யாரையோ கவிழ்க்கத் திட்டம் தீட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்ல வந்தது, ஒருவரை எதிரில் உட்கார வைத்துப் பத்து நிமிடத்தில் பென்சிலால் முகத்தைப் பிடித்துவிடுகிறார்களே, அந்த ஸ்கெட்ச்.

17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. டச்சுக்காரர்கள் 'ஸ்கிட்ஸோ' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து எடுத்தார்கள். அதற்கும் பின்னால், முன்தயாரிப்பு இல்லாமல் அப்போதைக்கப்போது செய்தது என்று பொருள்படும் 'ஸ்கெதியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைக் காட்டுவார்கள். ஆக, வேகம்தான் இந்தச் சொல்லின் உயிர்.

தமிழில் கோட்டோவியம் என்று எழுதிவிடுகிறோம். தப்பில்லை, ஆனால் மூன்று நாள் உட்கார்ந்து நுணுக்கி வரைந்ததும் கோட்டோவியம்தானே?

நம்மிடம் இதைவிட அருமையான சொல் ஒன்று இருக்கிறது: புனையா ஓவியம். அரசன் பாசறையில் இருக்க, நகைகளைக் கழற்றிவிட்டு ஒப்பனையே இல்லாமல் கட்டிலில் இருக்கும் அரசியை நெடுநல்வாடை அப்படித்தான் சொல்கிறது. வண்ணம் தீட்டாமல் வடிவத்தை மட்டும் கோடாக இழுத்தது என்று உரைகாரர் விளக்குகிறார். ஓவியத்துக்கும் ஆளுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது பாருங்கள், புனைவு விலகினால் இருவரும் தெரிகிறார்கள்.

புனையா ஓவியத்துக்கு ஒரு உதாரணம்: டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1633இல், நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாம் நாள், தான் மணக்கவிருந்த சாஸ்கியாவை வெள்ளிமுனையால், அதாவது கூரான வெள்ளிக் கம்பியால் வரைந்தார். வெள்ளி இழுத்த கோட்டை லேசில் அழிக்க முடியாது. கையில் ஒரு பூ, தலையில் அகலத் தொப்பி, இன்னொரு கையில் சாய்ந்த முகம். அந்த முகத்தில் மெல்லிய கோடுகள் நெருங்கிக் கிடக்க, சட்டைக் கையோ சில இழுப்புகளோடு நின்றுவிடுகிறது. வரைந்தவரின் கண் எங்கே தங்கியது, எங்கே தாண்டிப் போனது என்பதெல்லாம் அப்படியே படத்தில் இருக்கிறது. சாதாரண பென்சில் படத்திலும் தாடையோரம் இரட்டைக் கோடு விழுந்திருந்தால் பாருங்கள், உட்கார்ந்தவர் அசைந்திருப்பார், இல்லை வரைந்தவர் மனம் மாறியிருப்பார். எண்ணெய் வண்ணம் பூசி முடித்த படத்தில் இது பெரும்பாலும் மூடிப்போய்விடும்.

பேச்சில் ஸ்கெட்ச் இருக்கட்டும், சரி. எழுதும்போது புனையா ஓவியம் என்றே எழுதலாம். வேகம் இந்தச் சொல்லில் இல்லை என்பது உண்மைதான், அது தேவைப்படும் இடத்தில் 'விரைவில் வரைந்த புனையா ஓவியம்' என்றால் போதும்.