முத்தம்: இதழுக்கு முன் மூக்கு

அகராதியைப் புரட்டினால் ‘முத்தம்’ முக்கியமாக இரண்டு பொருளில் நிற்கும். ஒன்று கடலில் விளையும் முத்து. மற்றொன்று நாம் தேடி வந்தது. இவை போதாதென்று பேச்சு வழக்கில் முற்றமும் ‘முத்தம்’ ஆகிவிடுகிறது. ‘முத்தத்தில் கோலம் போட்டாள்’ என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

முத்துக்கும் முத்தத்துக்கும் உள்ள ஒலி ஒற்றுமையைப் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் சும்மா விடவில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஐந்தாவது முத்தப் பருவம். திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில் பகழிக்கூத்தர் ஒரு விலைப்பட்டியலே போடுகிறார்: வலம்புரிச் சங்கு கரையில் ஈன்ற முத்துக்கு விலை உண்டு, யானைக் கொம்பில் விளைந்த முத்துக்கு விலை உண்டு, நெல்லில் பிறந்த முத்துக்கும் விலை உண்டு, முருகா, உன் கனிவாய் முத்தத்துக்கு மட்டும் விலை இல்லை, அதைத் தா.

இதை வைத்து இரண்டும் ஒரே வேர் என்று முடிவு கட்டக் கூடாது. சிலேடை வேறு, சொற்பிறப்பு வேறு. தெலுங்கில் கடல் முத்து ‘முத்யம்’, இதழ் முத்தம் ‘முத்து’ (‘து’வை மென்மையாக ஒலிக்க வேண்டும்), இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. கன்னடத்தில் ‘முத்து’ வினையாக வந்தால் தொடுதல் என்று பொருள். முத்தத்தின் அடியில் அந்தத் தொடுதல் இருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. குழந்தைகள் சொல்லும் ‘உம்மா’வுக்கு ஆராய்ச்சி வேண்டாம், உதடு குவிந்து விரியும் ஓசையே சொல்லாகிவிட்டது. மலையாளத்தில் ‘உம்ம’ பெரியவர்களின் சொல்லும்கூட.

தமிழில் முத்தத்துக்கு மூக்கு வழியாக இன்னொரு பாதையும் உண்டு: மோத்தல், முகர்தல். உச்சி மோத்தல் என்பது பிள்ளையின் தலையை முகர்ந்து அன்பைக் காட்டுவது. ‘கண்ணன் பாட்டு’க் கண்ணம்மாவிடம் பாரதி இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறார்: உச்சியை முகர்ந்தால் கர்வம் ஓங்கி வளர்கிறது, கன்னத்தில் முத்தமிட்டால் உள்ளம் கள்வெறி கொள்கிறது. ஆண்டாளோ கண்ணன் வாய் வைத்து ஊதும் சங்கிடம் கேட்கும்போது ‘முத்தம்’ என்ற சொல்லையே தொடவில்லை. கண்ணனின் வாய் கற்பூரம் மணக்குமா, தாமரை மணக்குமா என்றுதான் தொடங்குகிறாள். தித்திக்குமா என்பது அதற்குப் பிறகு. இன்று நாய் மோந்து பார்க்கிறது, நாம் கெட்டுப்போன பாலை மோந்து பார்க்கிறோம். ‘உச்சி முகர்ந்து பாராட்டினார்’ என்ற மேடைத் தொடரில் மட்டும் பழைய அன்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலாயில் ‘சியும்’ என்றால் முகர்தலும் முத்தமிடலும். தாய் மொழியில் கன்னத்து முத்தத்தைக் குறிக்கும் ‘ஹோம்’ என்ற சொல்லுக்கு மணம் என்றும் பொருள். நியூசிலாந்து மாவோரிகளின் ‘ஹொங்கி’யில் மூக்கும் நெற்றியும் தொட, மூச்சு பரிமாறப்படுகிறது. இதழோடு இதழ் சேர்வது உலகப் பொது வழக்கு என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வு 168 பண்பாடுகளைப் பார்த்தது. காதல் முத்தம் 46 விழுக்காட்டில்தான் தென்பட்டது. ஆனால் பழமையில் குறைவில்லை. மெசபொத்தேமியக் களிமண் ஏடுகளில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே முத்தம் பதிவாகியிருக்கிறது.

லத்தீனில் முத்தத்துக்கு மூன்று சொற்கள்: ஓஸ்குலும், பாசியும், சாவியும். முதலாவதன் நேர்ப்பொருள் ‘சிறு வாய்’. பிரெஞ்சுக்காரர்கள் பாடு சங்கடம். முத்தமிடுதலைக் குறித்த ‘பேசே’ என்ற வினை கொச்சையாகிப் புணர்ச்சியைக் குறிக்கத் தொடங்கியது. கைகளால் தழுவுவதைச் சொன்ன ‘ஆம்ப்ராசே’ இப்போது முத்தத்தையும் சுமக்கிறது.

வடமொழிச் ‘சும்பனம்’ பழைய நூல்களோடு நின்றுவிட்டது. ‘கிஸ்’ என்பதற்கு முத்தம் இருக்கும்போது வேறு சொல் தேட வேண்டியதில்லை. ‘லிப் லாக்’ என்பதை இதழ் முத்தம் என்றும், ‘ஃபிளையிங் கிஸ்’ என்பதைப் பறக்கும் முத்தம் என்றும் எழுதலாம். ஆனால் மூச்சு நின்று கிடப்பவருக்கு முதலுதவியாகச் செய்வதை ஆங்கிலத்தைப் பார்த்து ‘உயிர் முத்தம்’ என்று எழுதாதீர்கள். அது வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவது.