ஆறு இலக்கம் கேட்டு வரும் செய்தி

"அக்கா, தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிட்டேன். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்." கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியின் வட்ஸ்அப்பிலிருந்து மஸ்கெலியாவில் இருக்கும் அக்காவுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால், அதை எழுதியது தம்பியாக இருக்காது. அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். அடுத்த குறி அக்கா.

அதற்குச் சற்று முன்னர் திருடன் தன் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து, அக்காவின் நம்பரை அடித்திருப்பான். வட்ஸ்அப் நிறுவனத்தின் மையக் கணினியான சேர்வர் அந்த நொடியில் ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, அக்காவின் நம்பருக்கு நேரே குறித்துக்கொண்டு, எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும். எஸ்எம்எஸ் சிம் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். நம்பரை அடித்த போனுக்குப் போகாது. 000000 முதல் 999999 வரை பத்து இலட்சம் எண்கள். சில தடவை பிழையாக அடித்தாலே சேர்வர் காத்திருக்க வைத்துவிடும். ஊகித்துப் பிடிக்க வழியில்லாததால்தான் அக்காவிடமே கேட்கிறான். எண்ணை அடிப்பது யாருடைய விரல் என்பது சேர்வருக்குத் தெரியாது. சரியாக அடித்தவரே சொந்தக்காரர்.

யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்! எச்சரிக்கை யாருக்குத் தேவையோ அவருக்கே அது புரிவதில்லை.

கணக்கு கைமாறினாலும் பழைய உரையாடல்கள் அவனுக்குக் கிடைக்காது; அவை அக்காவின் போனில்தான் இருக்கும். ஆனால் குரூப்புகள் தெரியும், புதிதாக வரும் செய்திகளும் அவனிடம் போகும். சொந்தபந்தங்களிடம் "அவசரமா காசு போட்டு விடுங்க" என்று கேட்க அது போதும்.

இதற்குத் தடை, வட்ஸ்அப் செட்டிங்ஸில் இருக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு. அதில் நீங்களே வைக்கும் ஆறு இலக்க பின் நம்பர் எஸ்எம்எஸ்ஸில் வராது. பிறந்த திகதியை மட்டும் அதற்கு வைக்க வேண்டாம். நமது பழைய அடையாள அட்டை எண்ணே அதைச் சொல்லிவிடும்: முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 85532 என்று தொடங்கினால் 1985 பெப்ரவரி 1இல் பிறந்த பெண். அட்டையின் போட்டோப் பிரதியை எத்தனை கடையில், எத்தனை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம்!

கோட்டைச் சொல்லிவிட்டால், உடனே உங்கள் போனில் அதே நம்பரால் மறுபடி பதிவு செய்யுங்கள். புதிய கோட்டை அடித்ததுமே திருடன் வெளியேற்றப்படுவான். அதற்குள் அவன் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு ஒரு பின் நம்பர் வைத்திருந்தால், நீங்கள் உள்ளே போக 7 நாள் பொறுக்க வேண்டும். அதுவரை அவனாலும் உள்ளே இருக்க முடியாது.

ஜிமெயில், பேஸ்புக் கணக்குகளுக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பியிராத இன்னொரு வழி உண்டு. மலைக்குப் பின்னால் இருக்கும் லயங்களில் சிக்னல் வருவதே பெரும்பாடு என்பதால், எனக்கு இது நம் பக்கத்துக்கென்றே செய்ததுபோலத் தோன்றும். கூகுள் ஒதென்டிகேட்டர் போன்ற செயலியால் திரையில் காட்டும் கியூஆர் சதுரத்தை ஸ்கேன் செய்யும்போது, ஓர் இரகசிய எண் போனில் பதிகிறது. அதே எண் சேர்வரிடமும் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை 30ஆல் வகுத்து, மீதியை விட்டு, விடையை அந்த இரகசியத்தோடு சேர்த்து ஒரு கணக்குப் போட்டால் ஆறு இலக்கம் வரும். ஒரே பஞ்சாங்கத்தை வைத்திருக்கும் இரண்டு பேர் ஹட்டனிலும் பதுளையிலுமிருந்து ஒரே நல்ல நேரத்தைச் சொல்வதுபோல, போனும் சேர்வரும் பேசிக்கொள்ளாமலே ஒரே எண்ணுக்கு வருகின்றன. 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும். 2011இல் பொதுத் தரமாக வெளியான முறை இது.

வாய்விட்டுச் சொன்னால் இந்த எண்ணும் பறிபோகும். போன் தொலைந்தால் உதவும் மாற்றுக் கோட்களைத் தாளில் எழுதி அலுமாரியில் வைத்துவிடுங்கள். எண் பொருந்தவில்லை என்று வந்தால் முதலில் போன் காட்டும் நேரத்தைப் பாருங்கள். யாராவது அதைக் கையால் மாற்றியிருந்தால், தானியங்கி நேரத்துக்குத் திருப்பியதும் சரியாகிவிடும்.