சாம்பல் நூல் மறையும் விதம்

துணித்துண்டுகளை ஒட்டிணைத்து குவில்ட் எனும் விரிப்பு தைக்கிறவர்களிடம் எத்தனை வண்ண நூல்கண்டுகள் இருந்தாலும், பலரிடம் சீக்கிரம் தீர்ந்துபோவது சாம்பல் நிறம்தான். ஒரே விரிப்பில் சிவப்பு, மஞ்சள், கருநீலம் என்று ஏகப்பட்ட துணித்துண்டுகள் சேரும். ஒவ்வொரு இணைப்புக்கும் நூல் மாற்றிக்கொண்டிருந்தால் வேலை நகராது. சரி, எந்தத் துணிக்கும் ‘மேட்சிங்’ இல்லாத நிறம் எல்லாத் துணியிலும் எப்படி மறைகிறது?

துண்டுகளின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்கி, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைப்பது வழக்கம். விரித்து இஸ்திரி போட்டதும் தையல் பின்பக்கம் போய்விடும். இணைப்பு இழுபடும்போது மட்டும் மடிப்பின் இடுக்கில் ஏணிப்படி போல நூல் எட்டிப்பார்க்கும்.

அவ்வளவு மெல்லிய நூல் கண்ணுக்குத் தெரியவா போகிறது என்று விட்டுவிட முடியாது. அருகருகே இருக்கும் இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பார்க்க, ஒரு மீட்டர் தூரத்தில் அவற்றுக்கிடையே சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒற்றைக் கோட்டுக்கு இந்த வரம்பு பொருந்தாது. எங்கோ தூரத்தில் போகும் மின்கம்பி வெளிறிய வானத்தில் தெரிகிறதே, அதன் தடிமன் இந்த வரம்பைவிடப் பல மடங்கு குறைவு. விழித்திரையில் அதன் பிம்பம் மங்கிப் பரவினாலும், பின்னணியோடு வெளிச்ச வேறுபாடு போதுமான அளவு இருந்தால் கண் பிடித்துவிடும். எனவே நூலை ஒளிக்க வேண்டுமானால் குறைக்க வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

சிவப்பா நீலமா என்ற நிறச்சாயல் விஷயத்தில் கண் இவ்வளவு கூர்மை இல்லை. நுணுக்கமான விவரங்களை வெளிச்சம், இருட்டு வழியாகவே பார்க்கிறோம். நிறம் தெளிவாகத் தெரியக் கொஞ்சம் பெரிய பரப்பு வேண்டும். நீல ஒளியை உணரும் கூம்பு செல்கள் மிகச் சொற்பம், பார்வையின் நட்ட நடுவில் அவை இல்லவே இல்லை. அதனால் நடுத்தரச் சிவப்புத் துணியில் அதே அளவு வெளிச்சமுள்ள சாம்பல் நூல் அடங்கிப்போகும். வெளிர்சிவப்பு நூலோ, ஒரே குடும்பத்து நிறமாக இருந்தும் பளிச்சென்று நிற்கும். இதைச் சோதிக்க நூலையும் துணியையும் சேர்த்து போனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்தால் போதும்.

இன்னொரு விஷயமும் சாம்பலுக்குக் கைகொடுக்கிறது. பெரிய பரப்புகள் அருகருகே இருந்தால் ஒன்று மற்றொன்றின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும். பாரிஸின் கோப்லன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரல் 1839-இல் விரிவாக எழுதியது இதைத்தான். கோடுகள் மெல்லியதானால் கதை தலைகீழ். பக்கத்து நிறம் கோட்டின்மேல் வழிந்ததுபோல் தெரியும். ஜெர்மானியரான பெசோல்ட் 1874-இல் இதை விவரித்தார். சிவப்புக்கு நடுவே சாம்பல் இழை லேசாகச் சிவந்து தெரிவதற்கு இதுவே காரணம்.

மடிப்பின் இடுக்கில் ஏற்கெனவே ஒரு நிழல் விழுகிறது. ஆகவே இரண்டு சாம்பல்களில் எது என்று குழம்பினால் அடர்ந்ததை எடுப்பது நல்லது, நிழலோடு கலந்துவிடும்.

கடையில் நூல்கண்டை அப்படியே துணிமேல் வைத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்டில் சுற்றிய இழைகளுக்கிடையே ஒளி பலமுறை மோதி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உறிஞ்சப்படுவதால் நிறம் அடர்ந்து தெரியும். ஓர் இழையை உருவிப் போட்டால்தான் உண்மை தெரியும். அப்புறம், சேலைக்கு ஃபால்ஸ் நூல் வாங்குகிறவர்கள் கடை வாசலுக்கு வந்து பார்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. பருத்தித் துணிக்கும் பாலியஸ்டர் நூலுக்கும் போடும் சாயங்கள் வேறு. டியூப் லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு சாயங்கள் வெயிலில் பிரிந்துவிடலாம்.

சாம்பல் தோற்கும் இடம் வெள்ளை. மெல்லிய வெள்ளைத் துணியில் பின்பக்கத் தையல் அப்படியே ஊடுருவித் தெரியும். வெள்ளை அதிகமுள்ள குவில்ட்டுக்கு யானைத் தந்தத்தின் நிறமுள்ள நூல்தான் சரி. அடர்ந்த துணியோடு இணைக்கும் இடத்தில் மடிப்பை அந்தத் துணியின் பக்கம் தள்ளி இஸ்திரி போட வேண்டும்.