கடல் விடும் சூட்டிலிருந்து கரைக்கு வரும் மீன்பிடி அறிவிப்பு

நாகை அக்கரைப்பேட்டையிலிருந்து ஒரு படகு கிளம்பினால் முதலில் கணக்குப் பார்ப்பது டீசலைத்தான். வலை நனைவதற்கு முன்பே கரைந்துபோகும் காசு அது. மீனைத் தேடி அலைகிற தூரத்தைக் குறைக்க மத்திய அரசு ஒரு சேவையை இலவசமாக நடத்துகிறது. 'மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி' அறிவிப்பு என்பார்கள், சுருக்கமாகப் பி.எஃப்.இசட். புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் என்ற பெருங்கடல் தகவல் மையம் இதை வெளியிடுகிறது. பைபர் படகு, விசைப்படகு என்ற பேதம் கிடையாது. கட்டணமும் கிடையாது. யாராவது வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்கு நாகைக் கடலில் மீன் இருப்பது எப்படித் தெரியும்? தெரியாது. அவர்களுக்குத் தெரிவது கடல் மேற்பரப்பின் சூடும் நிறமும்தான். இதைப் புரிந்துகொண்டால்தான் அறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பது பிடிபடும்.

கண்ணை மூடிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாலும் சூடு முகத்தில் படுகிறதல்லவா? அதுபோலக் கடல்நீரும் இரவு பகலாக வெப்பக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அது. சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் கருவி அதை அளக்கிறது. வழியில் காற்றிலுள்ள நீராவி கொஞ்சம் கதிரை விழுங்கிவிடும். அதனால் 11, 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அருகே இரண்டு அலைநீளங்களில் அளக்கிறார்கள். நீராவி இரண்டையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இழப்பை ஈடுகட்டிவிடுகிறார்கள். தராசுக்கு எடைக்கல் வேண்டும் என்பதுபோல, வெப்பம் முன்பே தெரிந்த ஒரு கரும்பரப்பு கருவிக்குள்ளேயே இருக்கிறது. அதையும் குளிர்ந்த விண்வெளியையும் மாறி மாறிப் பார்த்துக் கருவி தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. செயற்கைக்கோள் காண்பது நீரின் தோலை மட்டும்தான். தலைமுடியின் பருமன்கூட இல்லாத ஒரு படலம் அது. படகின் ஓரமாகக் கையை விட்டுப் பார்த்தால் தொடுவது அதற்குக் கீழே இருக்கும் தண்ணீரை. மேல்தோல் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் கீழ்நீரைவிடச் சுமார் 0.2 டிகிரி குளிர்ந்திருக்கும். காற்றில்லாத நண்பகலில் மேல்மட்டம் காய்ந்து, கணக்கு தலைகீழாவதும் உண்டு. இதற்காகத்தான் மிதவைகளும் கப்பல்களும் நேரடியாக அளக்கும் வெப்பத்தோடு செயற்கைக்கோள் கணக்கை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மீன் விஷயத்துக்கு அந்தப் புள்ளி இரண்டு டிகிரிக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. பக்கத்துப் பக்கத்து நீருக்குள் இருக்கும் வித்தியாசம்தான் முக்கியம். சூடான நீரும் குளிர்ந்த நீரும் முட்டுகிற கோட்டில் இரை சேரும். அடியிலிருந்து சத்துள்ள குளிர்நீர் மேலே வந்தால் கண்ணுக்குத் தெரியாத பாசியுயிர்கள் பெருகும். அந்தப் பாசியின் பச்சையத்தைக் கடலின் நிறத்தை வைத்து வேறொரு கருவி கண்டுபிடிக்கும். 2022 நவம்பர் 26 அன்று இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்-3 இந்த நிறத்தைப் பார்க்கும் செயற்கைக்கோள்தான். பாசியைத் தேடி நுண்ணுயிர், அதைத் தேடி மத்தி, நெத்திலி, அவற்றைத் தேடி சூரை. சூடும் நிறமும் ஒரே இடத்தில் மாறினால் அந்தக் கோட்டை வரைபடத்தில் குறித்து அனுப்புகிறார்கள். மேல்நீரில் கூட்டமாகத் திரியும் மீனுக்கு இது நன்றாகப் பொருந்தும். அடிமண்ணில் கிடக்கும் இறாலுக்கு இதை நம்பிப் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

அறிவிப்பு தமிழிலும் வருகிறது. மீன் இறங்குதளத்தின் பெயர், அங்கிருந்து திசை, பாகை, தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். உதாரணத்துக்கு, நாகப்பட்டினம், 100 பாகை, 30 முதல் 35 கிலோமீட்டர், ஆழம் 60 முதல் 75 மீட்டர் என்று இருந்தால், நேர் கிழக்கிலிருந்து பத்துப் பாகை தெற்கே சாய்ந்து 16 முதல் 19 கடல் மைல் போக வேண்டும். ஆழத்தை மீனவர் வழக்கில் சொன்னால் 33 முதல் 41 பாகம். மீட்டரில் இருப்பதைப் பாகமாக மாற்ற 1.83 ஆல் வகுத்தால் போதும். அட்சரேகை, தீர்க்கரேகையை ஜி.பி.எஸ்.ஸில் போடும்போது எண்ணை ஒருவர் வாசிக்க இன்னொருவர் அடிப்பது நல்லது. ஒரு இலக்கம் மாறினால் படகு எங்கேயோ போய் நிற்கும்.

இன்காய்ஸ் இணையதளம், அதன் சமுத்ரா செயலி, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரண்ட் செயலி ஆகியவற்றில் பார்க்கலாம். கரையை விட்டுச் சில மைல் போனதும் சிக்னல் போய்விடும். அதனால் கிளம்பும் முன்பே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாகம் கணக்குத் தெரிந்த அப்பாவும் செல்போன் தெரிந்த பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிட வேலை.

டெல்டாக் கரைக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் வெள்ளக் காலத்தில் கலங்கல் தண்ணீர் வரும். வண்டல் கலந்த நிறத்தைப் பச்சையம் என்று கருவி தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். கோடியக்கரைக்குத் தெற்கே போகிறவர்கள் இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோட்டை மறக்கக் கூடாது. அறிவிப்பில் ஓர் இடம் வந்திருக்கிறது என்பது அங்கே போக அனுமதி கிடைத்ததாக ஆகாது. ஃபிஷர் ஃபிரண்ட் செயலியில் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள்.

அப்புறம், அகச்சிவப்புக் கதிர் மேகத்தைத் தாண்டாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் மீன்பிடி அறிவிப்பு வராமல் போகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் வராது. ஆனால் அலை உயரமும் காற்று வேகமும் சொல்லும் கடல்நிலை முன்னறிவிப்பை அதே மையம் தனியாகக் கொடுக்கிறது. மேகம் மூடிய நாளில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.