வக்கீல் நோட்டீஸ்: ஒரு சொல்லும் அது தரும் பயமும்

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெண், ஒருநாள் மத்தியானம் பிரித்த தபால் உறையோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே மூன்று பக்கம் தட்டச்சுத் தமிழ். கணவர் வெளியூரில் வேலை; எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "அண்ணே, நோட்டீஸ் வந்துருச்சு. அப்ப நான் இனிமே அவருக்குப் பொண்டாட்டி இல்லையா?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கியதாலேயே எல்லாம் முடிந்துவிட்டதோ என்ற பயம். தாளில் எழுதியிருந்த எதுவும் அவர் மனத்தில் ஏறவில்லை. 'நோட்டீஸ்' என்ற ஒரு சொல்தான் ஏறியிருந்தது.

அந்தச் சொல்லுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? 'வக்கீல் நோட்டீஸ்' என்பதன் இரண்டு பாதியும் தமிழுக்கு வெளியிலிருந்து வந்தவை. வக்கீல் அரபுச் சொல். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. ஒரு காரியத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவர், பிறருக்காகப் பேச அமர்த்தப்பட்டவர் என்பது அதன் பொருள். அதே வேரில் கிளைத்ததுதான் வக்காலத்து. "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?" என்று வீட்டுச் சண்டையில்கூடக் கேட்கிறோமே, அந்த வக்காலத்து. நீதிமன்றத்தில் ஒருவருக்காக ஆஜராக வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்ய வேண்டும். நோட்டீஸ் அனுப்ப அதுவும் தேவையில்லை. கட்சிக்காரர் சொன்ன தகவலே போதும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்துக்குப் பிறகு 'வக்கீல்' என்று தனியாக ஒரு வகையினர் இந்தியச் சட்டத்தில் இல்லை, எல்லோரும் வழக்கறிஞர்களே. ஆனாலும் மக்கள் நாவில் வக்கீல் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை.

நோட்டீஸ் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதன் மூலம் லத்தீனில் 'அறியப்பட்டது' என்று பொருள்படும் சொல். அதாவது ஒருவருக்கு ஒன்றைத் தெரியப்படுத்துவது, அவ்வளவுதான். அச்சொல்லில் ஆணையும் இல்லை, தண்டனையும் இல்லை. தமிழிலும் அது முதலில் அப்படித்தான் புழங்குகிறது. கோயில் திருவிழா நோட்டீஸ், ஜவுளிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ், சுவரில் ஒட்டும் நோட்டீஸ் என்று எதுவும் யாரையும் நடுங்க வைப்பதில்லை. முன்னால் 'வக்கீல்' சேர்ந்ததும் அதே சொல் கறுத்துப்போகிறது. போதாக்குறைக்கு, கணவன் மனைவி விவகாரத்தில் அதை 'டைவர்ஸ் நோட்டீஸ்' என்றே சொல்கிறார்கள். "நோட்டீஸ் விட்டுட்டான்" என்றால் கேட்பவர் காதில் "தீர்த்துவிட்டான்" என்றே விழுகிறது.

சட்டம் சொல்வது வேறு. ஒருவர் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும், பணம் கட்ட 15 நாள் விட வேண்டும்; இல்லாவிட்டால் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி வழக்கே நிற்காது. அரசின்மீது உரிமையியல் வழக்குப் போடுவதானால், பொதுவாக இரண்டு மாதம் முன்பே அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். இங்கெல்லாம் அறிவிப்பு வழக்கின் வாசற்படி. ஆனால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், விவாகரத்து மனு போடும் முன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று ஒரு பிரிவும் இல்லை. அனுப்பாமலே நேராகக் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகலாம். அனுப்பிவிட்டு வழக்கே போடாமலும் இருக்கலாம். திருமணம் தொடர்பாகச் சட்டம் முன்கூட்டி அறிவிப்புக் கேட்பது ஓர் இடத்தில் உண்டு: 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கூடுவதற்கு நோட்டீஸ் கேட்கும் சட்டம், பிரிவதற்குக் கேட்கவில்லை.

அப்படியானால் வக்கீல்கள் ஏன் அனுப்புகிறார்கள்? பல நேரம் பேச்சைத் தொடங்கத்தான். எதிர்த்தரப்பு என்ன பதில் சொல்கிறது, சேர்ந்து வாழ மனமிருக்கிறதா, பரஸ்பர சம்மதத்தில் பிரியத் தயாரா, நகைக்கும் பிள்ளைகளுக்கும் என்ன வழி என்பதெல்லாம் ஒரு நோட்டீசிலும் அதற்கு வரும் பதிலிலும் தெரிந்துவிடும். இன்னொரு காரணம் சாட்சியம். 'மனைவி என்னைக் கைவிட்டுப் போய்விட்டார்' என்றோ 'கணவர் கைவிட்டுவிட்டார்' என்றோ சொல்லி விவாகரத்துக் கேட்பவர், மனு போடும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அப்படி விட்டுப் பிரிந்திருந்ததைக் காட்ட வேண்டும். தனித்தனியே இருந்தால் மட்டும் போதாது. திரும்பி வருவதில்லை என்ற எண்ணத்தோடு பிரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணம் இருந்ததா என்று நீதிமன்றம் தேடும்போது, யார் யாரை எப்போது எழுத்தில் கூப்பிட்டார்கள் என்பது பெரிய விஷயமாகிவிடும்.

இதற்கு ஒரு பழைய வழக்கே சான்று. 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பம்பாய் வழக்கு அது. 1947 மே மாதம் மனைவி தாய் வீட்டுக்குப் போனார். ஜூலையில் கணவர் தம் சட்ட ஆலோசகர் மூலம் அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கடிதத்தில் மனைவியின் நடத்தைமீது பழி இருந்தது. 'திரும்பி வா' என்ற அழைப்பு இல்லை. நவம்பரில் மனைவி திரும்பி வரவிருந்த சமயத்தில், அவரை அனுப்ப வேண்டாம் என்று மாமனாருக்குத் தந்தி கொடுத்தார் கணவர். பிறகு 'என்னைக் கைவிட்டுவிட்டார்' என்று வழக்குப் போட்டார். கைவிட்டது நிரூபணமாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மனைவியைப் பிடிக்க எழுதிய எழுத்து எழுதியவரையே பிடித்துக்கொண்டது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல நோட்டீஸ்களில் இரண்டாம் பக்கத்திலேயே பெண்ணின் நடத்தையைக் குதறத் தொடங்கிவிடுகிறார்கள். ஆண்களைப் பற்றியும் அப்படி எழுதுகிறார்கள். சும்மா மிரட்டத்தானே, பிறகு விட்டுவிடலாம் என்ற நினைப்பு. 2003-இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில், கணவன் எதிருரையில், அதாவது மனைவியின் மனுவுக்கு நீதிமன்றத்தில் கொடுத்த எழுத்துப் பதிலில், அவர் ஒழுக்கத்தைப் பற்றி ஆதாரமில்லாமல் எழுதிவிட்டு, பிறகு திருத்தம் செய்து அந்த வரிகளை நீக்கினார். நீக்கினாலும் எழுதியது எழுதியதுதான், அதுவே மனைவிக்குச் செய்த கொடுமை என்று சொல்லி விவாகரத்து மனைவிக்குக் கிடைத்தது. அது நோட்டீஸ் அல்ல, எதிருரை. ஆனால் கோபத்தில் எழுத உட்காரும் எவரும் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நோட்டீசால் மட்டும் திருமணம் முறிந்துவிடாது. முஸ்லிம் திருமணத்தில் ஒரு காலத்தில் இதற்கு விலக்கு இருந்தது. மூன்று முறை தலாக் என்று எழுதி அனுப்பும் கடிதமே மணவிலக்காகக் கொள்ளப்பட்டது. 2017 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்த உடனடி முத்தலாக்கைச் செல்லாததாக்கியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்தில் சொன்னாலும் மின்னணு வழியில் சொன்னாலும் அது செல்லாது என்றதோடு, மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கிவிட்டது.

சரி, 'வக்கீல் நோட்டீஸ்' என்பதற்குத் தமிழ் என்ன? அகராதிகளிலும் இணையத்திலும் 'சட்ட அறிவிப்பு' என்ற ஆக்கம் பரவலாகத் தென்படுகிறது. எனக்கு அது உடன்பாடில்லை. தமிழில் 'சட்ட அறிவிப்பு' என்றால் சட்டமே ஏதோ அறிவிக்கிறது, அல்லது அரசு ஒரு சட்டம் பற்றி அறிவிக்கிறது என்று தொனிக்கிறது. எங்கள் தெருப் பெண் போன்றவர்களின் பயத்தை அது இன்னும் கூட்டும். அந்தத் தாளில் சட்டம் பேசவில்லை. ஒரு தரப்பு, தன் வழக்கறிஞர் வாயால் பேசுகிறது. 'வழக்கறிஞர் அறிவிப்பு' அதைவிட நேர்மையான சொல், யார் பேசுகிறார் என்பதையாவது சொல்கிறது. 'அறிவிக்கை' வேண்டாம், அரசிதழில் வருவதற்கு அச்சொல் ஏற்கெனவே புழங்குகிறது.

என் தேர்வு 'வழக்கு முன்னறிவிப்பு'. இப்படியொரு வழக்குப் போட எண்ணியிருக்கிறேன், முன்கூட்டித் தெரிவிக்கிறேன் என்ற முழுப் பொருளும் அதில் அடங்கிவிடுகிறது. வழக்கு இன்னும் வரவில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது. 'வழக்கு' என்பதும் நம் பழஞ்சொல். வழங்கு என்ற வினையிலிருந்து வந்தது. உலகத்தார் வழங்கிவரும் நெறி என்பது அதன் முதற்பொருள். நெறி தவறியபோது முறையிடுவதும் அதே பெயரைப் பெற்றது. கண்ணகி பாண்டியன் அவையில் நின்று நியாயம் கேட்கும் பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் 'வழக்குரை காதை' என்றே பெயர். இன்று 'வழக்குரைஞர்' என்று எழுதுகிறவர்கள் அந்த மரபைத் தொட்டுத்தான் எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழர் 'சட்டத்தரணி' என்கிறார்கள்.

நீதிமன்றத்திலிருந்து வருவது வேறு. அதைச் சம்மன் என்கிறோம், தமிழில் அழைப்பாணை. 'ஆணை' என்ற சொல் அங்கேதான் பொருந்தும். அதில் நீதிமன்றப் பெயரும் வழக்கு எண்ணும் ஆஜராக வேண்டிய தேதியும் முத்திரையும் இருக்கும். அதை உரியவரிடம் சேர்ப்பிப்பதை நீதிமன்றத் தமிழில் 'சார்பு செய்தல்' என்பார்கள். சார்பு செய்யப்பட்ட அழைப்பாணையைப் புறக்கணித்தால், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடலாம். வழக்கறிஞர் அனுப்பிய தாளுக்கு அந்த அதிகாரம் இல்லை. 'விவாகரத்து' என்ற சொல்லும் பாதி வடமொழி, பாதி அரபு: விவாகம் அங்கிருந்து, ரத்து இங்கிருந்து. மணமுறிவு, மணவிலக்கு இரண்டும் நல்ல தமிழ். சில கிராமங்களில் பத்திரத்தாளில் எழுதி வாங்கி "அத்துவிட்டாச்சு" என்கிறார்களே, அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்ததை நிரூபிக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே அது செல்லும். இந்துத் திருமணத்தில் மற்றவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே வழி.

நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்கச் சொல்லி யோசனை கூறும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். கேட்காதீர்கள். பெரியபுராணத்தில் சுந்தரர் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் ஓலையோடு வந்து 'இவன் எனக்கு அடிமை' என்றார். மாப்பிள்ளை அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துப்போட்டார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு நடந்தபோது, கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார் முதியவர். இன்றும் அப்படியே. நீங்கள் கிழித்தாலும் அனுப்பியவரின் வழக்கறிஞரிடம் நகல் இருக்கும், தபால் ரசீது இருக்கும். 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பினால் அந்தக் குறிப்பே உங்களுக்கு எதிராக நிற்கலாம். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை.

வாங்குங்கள், உறையோடு பத்திரப்படுத்துங்கள். பதில் போடாததால் மட்டும் மணவிலக்கு ஆகிவிடாது; ஆனால் 'பொய்யென்றால் அப்போதே ஏன் மறுக்கவில்லை?' என்ற கேள்வி பின்னால் வரும். அதனால் ஒரு பதிலறிவிப்பு அனுப்புவது நல்லது. பணமில்லை என்று கலங்க வேண்டாம்: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த உதவிக்கான அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

எங்கள் தெருப் பெண் அங்கேதான் போனார். போகும் முன், அவரைப் பயமுறுத்திய கடைசி வாக்கியத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். அது இப்படி இருந்தது: "இவ்வறிவிப்பு கண்ட 15 தினங்களுக்குள் தாங்கள் என் கட்சிக்காரருடன் சேர்ந்து வாழ முன்வர வேண்டியது, தவறும் பட்சத்தில் உரிய நீதிமன்றத்தில் பரிகாரம் தேடிக்கொள்ள நேரிடும் என்பதையும், அதனால் ஏற்படும் செலவுகளுக்கும் பின்விளைவுகளுக்கும் தாங்களே பொறுப்பாளி என்பதையும் இதன் மூலம் அறியவும்." அவர் கொண்டுவந்த உறையின் பின்பக்கத்திலேயே நான் எழுதிக் காட்டினேன்: "15 நாளில் திரும்பி வாருங்கள். வராவிட்டால் நான் வழக்குப் போடலாம் என்றிருக்கிறேன்." அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா? இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.