பரேடு பூட்ஸில் முகம் தெரிய வேண்டுமா? நெருப்பை அணையுங்கள்

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. தக்கோலத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மூன்றும் தோலுக்குப் பேர்போன ஊர்கள். இப்படிப்பட்ட வட்டாரத்திலேயே நல்ல பூட்ஸை மின்ன வைக்கிறோம் என்று லைட்டரால் சுட்டும், ‘உடனடி பளபளப்பு’ திரவத்தைத் தடவியும் கெடுக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

தோலின் மேல்முகத்தில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் படும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் தோல் மங்கலாகத் தெரிகிறது. பள்ளங்களை மெழுகால் நிரப்பி மட்டமாக்கினால் வெளிச்சம் சீராகத் திரும்பும், முகம் தெரியும். அதாவது மின்னுவது மெழுகுதான். காய்ந்த மெழுகு வளையாது, வளைத்தால் வெடிக்கும். ஆகவே கண்ணாடி மெருகு விரல் முனையை மூடும் டோ பகுதிக்கும் குதிகாலின் பின்புறத்துக்கும் மட்டும்தான். நடக்கும்போது மடியும் இடத்தில் ஏற்றினால் முதல் பரேடிலேயே சாம்பல் நிறத்தில் கோடு கோடாக உதிரும். அங்கே சாதாரண பிரஷ் பாலிஷ் போதும்.

பூட்ஸ் வாங்கும்போதே தோலைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழுந்து, நுண்துளைகள் தெரிந்தால் மேல்முகம் தேய்க்கப்படாத தோல். மெழுகை நன்றாகப் பிடிக்கும். பிளாஸ்டிக் போல வழவழவென்று ஒரே சீராக இருந்தால் மேலே கனமான பூச்சு இருக்கிறது. அதில் மெழுகு சரியாக ஒட்டாது. டர்பன்டைன் நனைத்த துணியால் டோவை மட்டும் லேசாகத் துடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். அழுத்தித் தேய்த்தால் சாயமும் சேர்ந்து வந்துவிடும்.

முதலில் லேஸைக் கழற்றுங்கள். பழைய டூத் பிரஷால் தையல் இடுக்கிலும் சோல் விளிம்பிலும் உள்ள மண்ணை எடுங்கள். ஒரு மணல் துகள் மிஞ்சினாலும் அது மெருகு முழுக்கக் கீறல் போடும். அடுத்து டப்பாவில் வரும் மெழுகு பாலிஷை பிரஷால் எடுத்து மெல்லிய பூச்சு, பதினைந்து நிமிடம் உலரல், மறுபடி பூச்சு என்று மூன்று நான்கு முறை. இது அடித்தளம்.

பிறகுதான் தண்ணீர் வேலை. பலமுறை துவைத்து மெத்தென்றான பனியன் துணியை இரண்டு விரலில் சுருக்கமே இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். டப்பாவின் மேல்பரப்பைத் தொட்டெடுக்கும் அளவு பாலிஷ், ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர். ஒரு ரூபாய் நாணய அளவு வட்டங்களாக, அழுத்தாமல் சுழற்றுங்கள். முதலில் மூச்சுப் பட்ட கண்ணாடி போல மங்கும். அங்கேதான் பலர் பயந்து இன்னும் பாலிஷ் அப்புகிறார்கள். கூடாது. அதே இடத்தில் சுழற்றிக்கொண்டே இருந்தால் மங்கல் விலகி அடியிலிருந்து கருமை எழும். அதன் பிறகே அடுத்த தொடுகை. தண்ணீர், துணியில் மெழுகு ஒட்டாமல் வழுக்கிச் செல்ல உதவுகிறது. தண்ணீர் அதிகமானால் வெண்படலம் நிற்கும். பாலிஷ் அதிகமானால் அதிலுள்ள கரைப்பான் அடி அடுக்கையே இளக்கிவிடும். புது பூட்ஸில் பத்துப் பதினைந்து அடுக்காவது வேண்டும். ஒரே இரவில் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு மாலைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு அடுக்கும் இறுகும்.

நெருப்புக்கு வருவோம். டப்பாவில் மெழுகோடு இருப்பது எளிதில் தீப்பற்றும் கரைப்பான். டப்பாவைக் கொளுத்தி உருக்குவது கையைச் சுடும், பாய்க்கும் பரவும். பூட்ஸ் மீது லைட்டர் காட்டினால் மேல்பூச்சு கொப்புளிக்கும், தோலின் எண்ணெய்ப்பசை வற்றும், சோல் பசை இளகும். சுட்டு வெடித்த தோலை எந்தத் தொழிலாளியாலும் பழையபடி ஆக்க முடியாது. பாலிஷ் போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் அந்த ஆவி தலைவலியும் கிறுகிறுப்பும் தரும். ஸ்பாஞ்ச் வைத்த திரவ பாலிஷும் வேண்டாம். பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். அது படிந்த இடத்தில் மெழுகு நிற்காது.

வேலூர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேன்மெழுகு 62–64 டிகிரி செல்சியஸிலேயே உருகும். அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியிலோ பூட்டிய காருக்குள்ளோ வைத்த பூட்ஸில் மெருகு பிசுபிசுத்துத் தூசியை அள்ளிக்கொள்ளும். ஒருவகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே அது கலந்த பாலிஷ் நம் ஊருக்குத் தோதானது. ஐப்பசி மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏற ஏற மாற்றி, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். அடுப்பருகே வைக்காதீர்கள். ஈரம் போகாத பூட்ஸில் பூஞ்சை வரும், காலில் சேற்றுப்புண்ணும் வரும்.

கீறல் விழுந்தால் முழுதும் உரிக்க வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் இரண்டு மூன்று மெல்லிய அடுக்கு போதும். மெழுகு கனத்து வெடிக்கத் தொடங்கினால்தான் டர்பன்டைனால் முழுவதும் எடுத்து, தோலுக்குக் கண்டிஷனர் தடவி, ஒரு நாள் விட்டு மறுபடி அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டும். பரேடுக்கு முந்தைய நாள் அந்த வேலையில் இறங்காதீர்கள்.