டைனமோ: எது டைனமோ, எது இல்லை?

டைனமோ என்றதும் நம்மூரில் நாற்பது வயது தாண்டியவர்களுக்குச் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். டயரை உரசிச் சுற்றும் சின்னக் குப்பி. மிதித்தால் விளக்கு எரியும், நின்றால் அணையும். வேடிக்கை என்னவென்றால், சொல் பிறந்தபோது அதற்கிருந்த பொருளில் பார்த்தால் அது டைனமோவே இல்லை.

'டைனமிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வலிமை, ஆற்றல் என்று பொருள். 1867 ஜனவரியில் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் சீமென்ஸ் பெர்லின் அறிவியல் கழகத்துக்குத் தன் எந்திரத்தை விளக்கியபோது அதற்கு வைத்த பெயர் 'டைனமோ-எலெக்ட்ரிக்' எந்திரம். பின்னால் வால் உதிர்ந்து டைனமோ மட்டும் நின்றது. அதே 1867இல்தான் நோபல் தன் வெடிமருந்துக்கு டைனமைட் என்று பெயரிட்டுக் காப்புரிமை வாங்கினார். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

அதற்கு முன்பும் மின்சாரம் எடுக்கும் எந்திரங்கள் இருந்தன. அவற்றில் நிலைக்காந்தம் இருக்கும், பெயர் மேக்னெட்டோ. சீமென்ஸ் நிலைக்காந்தத்தைத் தூக்கிவிட்டு, எந்திரம் தரும் மின்சாரத்தையே அதன் காந்தச் சுருளுக்குத் திருப்பிவிட்டார். தன் காந்தத்தைத் தானே ஊட்டி வளர்ப்பதுதான் டைனமோ. அது வெளியே அனுப்புவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். சைக்கிள் குப்பிக்குள் இருப்பது நிலைக்காந்தம். வருவதும் மாறுதிசை மின்சாரம். நியாயப்படி அது மேக்னெட்டோ வகை.

சரி, தானே ஊட்டிக்கொள்வதற்கு முதல் வாய் சோறு எங்கிருந்து வரும்? இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இரண்டு வருஷம் கொட்டகையில் கிடந்த மாமாவின் பழைய அம்பாசடரை மறுபடி ஓட்டியபோது தெரிந்தது. புது பேட்டரி போட்டும் மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்கவில்லை. டைனமோவைக் கழற்றிக் காயில் கட்ட வேண்டும் என்றார் ஒருவர். நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் கழற்றவே இல்லை. டைனமோவில் டி, எஃப் என்று இரண்டு முனைகள். டி, மின்சாரம் வெளியே வரும் வழி. எஃப், காந்தச் சுருளுக்குப் போகும் வழி. எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு வயரை அந்த முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தார். சின்னதாக ஒரு பொறி. "அவ்ளோதாம்பா, மறந்து போயிருந்துச்சு" என்றார். வயரை மாட்டி, வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதித்ததும், சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது.

அந்த முதல் வாய் சோறு, இரும்பில் தங்கியிருக்கும் கொஞ்சம் காந்தம். அதிலிருந்து ஒன்றிரண்டு வோல்ட் பிறக்கும். அது சுருளுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்டும். கூடிய காந்தம் மேலும் வோல்ட்டைக் கூட்டும். நெடுங்காலம் ஓடாமல் கிடந்தால் அந்த மிச்சக் காந்தம் போய்விடலாம்.

டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் பெட்டியில் 'கட்-அவுட்' உண்டு. தெருமுனையில் தலைவருக்கு வைப்பது அல்ல. இது தானாகத் திறந்து மூடும் சுவிட்ச். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் வோல்ட் பேட்டரியைவிடக் குறையும். அப்போது தொடர்பை வெட்டாவிட்டால் பேட்டரி மின்சாரம் திரும்பிப் பாய்ந்து டைனமோவை மோட்டாராக்கப் பார்க்கும். பாரீஸில் 1871இல் தன் டைனமோவைக் காட்டியவர் பெல்ஜியக்காரர் ஸெனோப் கிராம். அவருடைய எந்திரம், 1873 வியன்னா கண்காட்சியில் அப்படித்தான் மோட்டாராகச் சுற்றியது. அங்கே அது பெருமை. காரில் பெல்ட் பிடித்து நிறுத்துவதால் சுருள் கருகும். ஏ.எஃப்.டி. ரயில்வே கேட்டில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும்போது சிவப்பு விளக்கு மினுங்கினால் பதற வேண்டாம் என்பதும் இதனால்தான். டைனமோ அந்த வேகத்தில் சார்ஜ் ஏற்றாது.

இனி தமிழ். ஜெனரேட்டருக்குப் பாடநூல்கள் மின்னியற்றி என்கின்றன, மின்னாக்கி என்றும் எழுதுகிறோம், இலங்கையில் மின்பிறப்பாக்கி. எனக்கு மின்னாக்கி பிடிக்கும், சோறாக்குகிற ஆக்கு அதில் இருப்பதால். ஆனால் இவை எல்லா வகைக்கும் பொது. டைனமோவுக்கு மட்டும் என்றால் 'நேர்மின்னாக்கி' என்று சுருக்கத் தோன்றும்; செய்யாதீர்கள். நேர்மின் என்றால் பாசிட்டிவ் என்றும் பொருள். பேட்டரியின் எந்த முனை எர்த்துக்கு, அதாவது வண்டியின் உடம்புக்கு, என்பதே சண்டையாகும் பழைய வண்டிகளில் அது வம்பு. 'நேர்திசை மின்னாக்கி' நீளம், ஆனால் குழப்பமில்லை. பின்னால் வந்த வண்டிகளில் டைனமோ இருந்த இடத்தில் இருக்கும் ஆல்டர்னேட்டர் 'மாறுதிசை மின்னாக்கி'. உள்ளே பார்த்தால் இரண்டிலும் பிறப்பது மாறுதிசை மின்சாரம்தான். டைனமோவில் அதைத் திருப்பி ஒரே திசையில் அனுப்புவது கம்யூட்டேட்டர், அதாவது திசைமாற்றி, ஆல்டர்னேட்டரில் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு. தானே ஊட்டிக்கொள்ளும் அந்தக் குணத்தை ஒரு சொல்லுக்குள் கொண்டுவர 'தன்தூண்டல்' என்று எழுதிப் பார்த்தேன். இயற்பியலில் அது வேறொன்றுக்குப் போய்விட்டதால் அடித்துவிட்டேன்.

பட்டறைக்கு இந்தக் கவலை கிடையாது. அன்றைக்கு அந்தப் பெரியவரின் மேசையில் மாருதி ஒன்றின் ஆல்டர்னேட்டர் பிரித்துக் கிடந்தது. அதில் கட்டியிருந்த அட்டையில் 'டைனமோ – கார்பன் மாத்தணும்' என்று எழுதியிருந்தார்.